சிவப்புப் புள்ளி வைத்த டம்ளர்

பிப்ரவரி 6

அன்புள்ள கடுகுக்கு,

அக்கா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் வைத்துவிடுவாயோ என்று பயந்து, முகவரியை ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டியிருக்கிறேன். ஏமாற்று வேலைதான். ஆறு வருடம் பேசாமல் இருந்தவள் இன்னும் கொஞ்சம் நேர்மையாக ஆரம்பித்திருக்கலாம்.

உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் உண்டா? நீ அம்மாவுக்கு அனுப்பிய ஸ்கேன் படம் வந்து சேர்ந்தது. அதன் பின்பக்கம் நீ எழுதியிருந்த முகவரியும், மார்ச் நடுவில் பிரசவம் என்ற ஒரு வரியும்தான் எங்களுக்குக் கிடைத்த செய்தி. அம்மா அதை மருந்து அலமாரியின் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம்கூட "இது மூக்கு, இது கை" என்று காட்டுகிறாள். அவரும் தலையாட்டிவிட்டுப் போகிறார். எனக்கு அதில் மழை மேகம்தான் தெரிகிறது.

அம்மா நடமாட்டமாக இருக்கிறாள். ஞாபகம்தான் கலைந்துகொண்டே போகிறது. நேற்று வீட்டுச் சாவி சர்க்கரை டப்பாவுக்குள் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் சில நாள் கையைத் தூக்கி என் பேச்சை நிறுத்திவிட்டு, "அவ இருமுறா, கேக்குதா?" என்கிறாள். பக்கத்து அறையில் யாரும் இல்லை. கேட்கவில்லையே அம்மா என்கிறேன். அது முழு உண்மை இல்லை.

இனி எழுத வந்ததை எழுதிவிடுகிறேன். குழந்தை பிறந்ததும் காசநோய்த் தடுப்பூசி போடுவார்கள். பல ஆஸ்பத்திரிகளில் முதல் நாளே போட்டுவிடுவார்கள். உன் குழந்தைக்கு அதை உடனே போடவிடாதே. எப்போதைக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனையின் முடிவு வரும்வரை மட்டும். அதற்கு முன்னால் நீயும் உன் அத்தானும் இந்த வாரமே ரத்தம் கொடுக்க வேண்டும். எங்கள் டாக்டரின் கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். என் பேச்சை நம்பாவிட்டாலும் அதை உன் டாக்டரிடம் கொடு.

அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது, ஊசி என்றாலே பயப்படும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள் என்று நினைக்காதே. நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அந்த ஊசியைத் தள்ளிப்போட்டார்கள் என்று போன மாதம்தான் சண்டை போட்டு அனுப்பி வைத்தேன். இது எல்லாக் குழந்தைகளையும் பற்றிய விஷயம் இல்லை. நம் வீட்டு ரத்தத்தைப் பற்றியது.

என் வேலை உனக்குத் தெரியும். நோயாளியின் உடம்பிலிருந்து எடுக்கும் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிதாகச் சீவி, கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். சீவியது போக மிச்சமுள்ள மெழுகுக் கட்டி என் அறைக்கு வரும். தீப்பெட்டியைவிடச் சிறியது. எண் போட்டு இழுப்பறையில் அடுக்குவேன். இருபது வருடம் ஆனதும் அழித்துவிடுவோம். நவம்பரில் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது கடைசி வரிசையின் அடி இழுப்பறையில் ஒரு தட்டு அகப்பட்டது. பதினேழு கட்டிகள். அந்தக் காலத்துப் பெரிய டாக்டர் தனக்குப் புரியாத சிலவற்றின் அட்டையில் சிவப்பு மையில் "வைத்திருக்கவும்" என்று எழுதி ஒதுக்கியிருந்தார். நான் பட்டியல் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது அட்டை: ஆண், வயது மூன்று, இடது அக்குள் நெறிக்கட்டி. அதன் கீழே அப்பாவின் பெயர். நம் பழைய தெரு.

நம் பட்டாணி, கடுகு. நம் தம்பி.

அவன் போனபோது உனக்கு ஐந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. அவனுடையது என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். பதினோரு வருடமாக நான் டீ குடிக்கும் மேசையிலிருந்து இருபது அடி தூரத்தில் அது இருந்திருக்கிறது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கனமே இல்லை. கடைசி மாதங்களில் அவனைத் தூக்கினாலும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் டாக்டர் என்னைவிடப் பத்து வயது இளையவர். பேசுவதைவிட அதிகமாக யோசிப்பார். கண்ணாடித் தகட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, கிருமி இவ்வளவு இருந்தும் உடம்பு சண்டை போட்ட அடையாளமே இல்லையே என்றார். முதலில் எங்கே வீங்கியது என்று கேட்டார். ஒரு வயதிலேயே இடது அக்குளில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி இருந்தது என்றேன். தடுப்பூசி எந்தக் கையில் போட்டார்கள் என்று கேட்டார். இடது கை. அவர் பேனாவை மூடி வைத்தார்.

மெழுகிலிருந்து சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். அவன் உடம்பில் இருந்தது யாரிடமிருந்தும் ஒட்டிய காசநோய் இல்லை. தடுப்பூசியில் இருக்கும் கிருமி. உயிருள்ளது, ஆனால் பலம் குறைக்கப்பட்டது. கோடிக்கணக்கான குழந்தைகளை ஒன்றும் செய்யாமல் காப்பாற்றிவிட்டு அடங்கிவிடும். பட்டாணியிடம் அடங்கவில்லை.

ஏன் என்று டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்த வகைக் கிருமியை நம் ரத்தத்தில் உள்ள சில செல்கள் விழுங்கிவிடும். விழுங்கினால் போதாது, உள்ளே வைத்துக் கொல்ல வேண்டும். கொல் என்ற செய்தி வேறு செல்களிடமிருந்து வரும். அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் இடம் பட்டாணிக்குச் சரியாக அமையவில்லை. ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அவன் செல்கள் கிருமியை விழுங்கிவிட்டு, தங்களுக்கு எட்டாத செய்திக்காகக் காத்திருந்தன. மற்றபடி அவன் சாதாரணப் பிள்ளை. சளி பிடித்தால் நம்மைவிடச் சீக்கிரம் எழுந்து ஓடுவான், ஞாபகம் இருக்கிறதா? இந்த ஒரு வாசல் மட்டும்தான் திறந்து கிடந்தது.

அந்த மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும். ஒன்று பழுதானால் பாதகம் இல்லை. இரண்டும் பழுதானால்தான். அம்மாவுக்கும் எனக்கும் சோதித்தார்கள், இருவருக்கும் ஒவ்வொன்று பழுது. அப்பாவுக்கும் இருந்திருக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் என்பது உனக்குத் தெரியும். அப்பாவின் தங்கையும் அந்தத் தாத்தாவின் பேத்திதான். அந்த அத்தையின் மகனைத்தான் நீ கட்டிக்கொண்டிருக்கிறாய். இப்போது புரிகிறதா, ஏன் அவசரப்படுகிறேன் என்று?

இன்னொன்றும் இதற்குள்ளேயே இருக்கிறது. பட்டாணிக்கு நோய் அத்தையிடமிருந்து வரவில்லை. அத்தையின் இருமல்தான் காரணம் என்று சொல்லி அவரை வீட்டைவிட்டு அனுப்பினார்களே, அது தவறு. இதை உன் அத்தானிடம் நீதான் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வராது.

ரத்தம் கொடுத்ததும் ஒரு வரி எழுது. கோபத்தோடு எழுதினாலும் சரி.

என்றும் உன் நலம் கேட்கும்
மிளகு

* * *

பிப்ரவரி 21

அன்புள்ள கடுகுக்கு,

நாலு வரியில் பதில் எழுதியிருக்கிறாய். மூன்று வரி ரத்தம் கொடுத்த விவரம். நாலாவது வரி உன் அத்தான் கேட்கச் சொன்னது. "எங்கம்மாவுக்கு இருமல்னு டாக்டர்கிட்ட சொன்னது மாமியா?"

மாமி இல்லை. நம் அம்மா சொல்லவில்லை. நான் சொன்னேன்.

இந்தக் கடிதத்தில் உன் அத்தானை அவன் என்றே எழுதுகிறேன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. மாமா இறந்த பிறகு அத்தை அவனைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்திருந்தார். நூல் மில்லில் வேலை. வேலை முடிந்து வரும்போது தலை, புருவம், கண்ணிமை எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். நமக்கெல்லாம் இந்தப் பெயர்களை வைத்தது யார் என்று உனக்கு நினைவிருக்க நியாயமில்லை. அத்தைதான். நான் சுருக்கென்று பேசுவதால் மிளகு. நீ இருக்கிற இடமே தெரியாது, வெடித்தால் வீடே கேட்கும் என்பதால் கடுகு. உருண்டுகொண்டே இருந்தவன் பட்டாணி. தன் பிள்ளைக்கு மட்டும், எப்போது பார்த்தாலும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருப்பான் என்று, வெந்தயம்.

பட்டாணிக்கு உடம்பு மோசமான பிறகு அவன் அத்தை கையால் மட்டும்தான் சாப்பிட்டான். அத்தை மில்லிலிருந்து வந்து, குளித்துத் தலை துவட்டிவிட்டு, அவனை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சியை ஸ்பூனில் எடுத்து ஊதுவார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் மூன்று தடவை. அவனும் கூடவே உதட்டைக் குவித்து ஊதுவான். அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்ப்பாள். அம்மா கையையும் என் கையையும் அவன் தட்டிவிடுவான்.

அன்று ஆஸ்பத்திரிக்கு அம்மா அவனைத் தூக்கிக்கொண்டாள். பை தூக்க நான் போனேன். டாக்டர் அப்போது வயதானவர், கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்டார். அம்மா யோசித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் பள்ளியில் தொற்றுநோய்ப் பாடம் நடந்திருந்தது. கடுகு, நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் தூக்குவதுபோல. அத்தைக்கு இருமல் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அத்தைதான் இவனுக்கு ஊட்டுவாங்க. வாயில மென்னு ஊட்டுவாங்க" என்றேன்.

அத்தை ஒருநாளும் மென்று ஊட்டியதில்லை. ஊதித்தான் ஊட்டினார். பாடப்புத்தகத்தில் எச்சில் வழியே பரவும் என்று இருந்தது. என் பதில் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று நினைத்தேனா, அவன் என் கையைத் தட்டிவிட்டதற்காகச் சொன்னேனா, இந்த முப்பத்திரண்டு வருடத்தில் எனக்கே தெளியவில்லை. டாக்டர் அம்மாவிடம், "கெட்டிக்காரப் பொண்ணு, கவனிச்சிருக்கா பாருங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாளே அத்தைக்குத் தனி டம்ளர். அம்மா தன் நகப்பூச்சை எடுத்து அதன் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தாள். அத்தை குடித்து வைத்ததும் அதில் கொதிக்கிற நீரை ஊற்றுவாள். அத்தை பார்த்துக்கொண்டே நிற்பார். நாலாம் நாள் தானாகவே பெட்டியைக் கட்டினார். "புள்ள தேறினதும் சொல்லியனுப்புங்கண்ணி, வந்து பாக்கறேன்" என்றார். வெந்தயம் ஒரு கையில் பெட்டியின் காதைப் பிடித்திருந்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான். அன்று அவன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருக்கவில்லை, சிரித்தான். பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போகிறோம் என்ற சந்தோஷம் அவனுக்கு.

அதன் பிறகு பட்டாணி நாலு மாதம் இருந்தான். கஞ்சியை எடுத்தால் வாயை இறுக்கிக்கொண்டு வாசலைப் பார்ப்பான். "அத்த எங்க?" என்பான். ஒருநாள் யாரும் இல்லாதபோது நான் அத்தையைப்போலவே மூன்று தடவை ஊதிக் கொடுத்துப் பார்த்தேன். அவனும் பழக்கத்தில் உதட்டைக் குவித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைத் தளர்த்திக்கொண்டான். எனக்கு இப்போதும் சூடாக எதையும் ஊதிக் குடிக்க முடியாது. ஆறிப்போனதைத்தான் குடிக்கிறேன். எங்கள் ஆபீஸில் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள்.

இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். டிசம்பரில் மெழுகுக் கட்டியோடு சேர்ந்த பழைய கேஸ் கோப்பு ஒன்றையும் தேடி எடுத்தார்கள். பட்டாணியின் தாள்களுக்குப் பின்னால் ஒரு சின்னத் தாள் குத்தியிருந்தது. அத்தையின் சளிப் பரிசோதனை. மூன்று முறை எடுத்திருக்கிறார்கள். மூன்றிலும் கிருமி இல்லை. பஞ்சுத் தூசியால் வந்த இருமலாக இருக்கலாம் என்று ஒரு குறிப்பு. அத்தை வீட்டைவிட்டுப் போன ஒன்பதாம் நாள் தேதி. முடிவைப் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று அந்தக் கையெழுத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அத்தை இல்லையென்றால் வேறு யார் என்று அம்மா கேட்டிருப்பாள். அப்பாவிடம் பதில் இல்லை. அந்த டாக்டரிடமும் இல்லை. யாரிடமும் பதில் இல்லாத வீட்டில் அத்தைதான் பதிலாக இருந்தார் என்று நினைக்கிறேன். நாலு வருடம் கழித்து மில் குடியிருப்பில் அத்தை இறந்தபோது அப்பா மட்டும் போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். துக்கம் என்று நினைத்தோம்.

உன் கல்யாணத்துக்கு வராததையும் சொல்லிவிடுகிறேன். அம்மா தடுத்ததாக உனக்குச் சொல்லியனுப்பினேன். அம்மா தடுக்கவில்லை. "போறதுன்னா போயிட்டு வா" என்றுதான் சொன்னாள். புடவைகூட எடுத்து வைத்துவிட்டேன். பத்திரிகையோடு நீ அனுப்பிய படத்தில் வெந்தயத்துக்கு அப்படியே அத்தையின் புருவம். பஞ்சு ஒட்டியிருப்பதுபோலத் தோன்றியது. புடவையைத் திரும்ப மடித்து வைத்தேன்.

இதை நீ அவனுக்குப் படித்துக் காட்டாதே. அப்படியே கையில் கொடுத்துவிடு. மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதிப் பார்த்தேன், சின்னதாகத் தெரிந்தது, அடித்துவிட்டேன். அவன் என்மேல் இருக்கிற கோபத்தில் டாக்டர் சொன்னதைத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள். இந்தத் தடவை நான் சொல்வது உண்மை. தாளும் முத்திரையும் இருக்கிறது.

உன்
மிளகு

* * *

மார்ச் 9

அன்புள்ள கடுகுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. உனக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று. இரண்டு பேருக்கும் பழுது இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் குழந்தைக்கு இரண்டு பிரதியும் பழுதாக வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. டாக்டரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். நாலில் மூன்று பங்கு நல்லது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். நீயும் என்னைப்போலவே அந்த ஒன்றைத்தான் எண்ணிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து அனுப்புவதாகவும், முடிவு வரும் மூன்று வாரமும் ஊசியைத் தள்ளிவைப்பதாகவும் உன் டாக்டர் ஒத்துக்கொண்டது பெரிய நிம்மதி. பிரசவ அறையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். யாராவது வழக்கம்போல ஊசியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கோப்பின் மேல் அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல். தொட்டிலிலும் ஒட்டு. அத்தானைக் காவல் வை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றால் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள்.

முடிவு நல்லபடியாக வந்தால் அன்றே ஊசியைப் போட்டுவிடு, ஒரு நாளும் தாமதிக்காதே. இல்லையென்றாலும் பட்டாணிக்கு நடந்தது நடக்க வேண்டியதில்லை. அவன் எதோடு சண்டை போடுகிறான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. உன் குழந்தை விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே தெரியும். கடினமான வழிதான், ஆனால் வழி இருக்கிறது என்கிறார் டாக்டர். அவர் ஆறுதலுக்காகப் பேசுகிறவர் இல்லை.

அத்தான் என் கடிதத்தைக் காருக்குள் உட்கார்ந்து படித்துவிட்டு ஒரு மணி நேரம் உள்ளே வரவில்லை என்று எழுதியிருந்தாய். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாராம். "அந்த டம்ளர் இன்னும் இருக்கா?"

இருக்கிறது. அம்மா மூன்று வீடு மாறியும் அதைத் தூக்கிப் போடவில்லை. அலமாரியில் மற்ற டம்ளர்களோடு சேராமல் தனியாக ஓரத்தில் நிற்கும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. போன வாரம் நான் அதில் தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுப்பாள் என்று நினைத்தேன். தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். மிச்சத்தை அவள் குடித்தாள். தெரிந்து குடித்தாளா, தாகத்தில் குடித்தாளா, கேட்கவில்லை.

அதைத்தான் இந்தப் பெட்டியில் என் பழைய சால்வையில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். அடியில் புள்ளி பாதி உதிர்ந்திருக்கிறது. மீதியைச் சுரண்டிவிடலாம் என்று நகத்தை வைத்தேன். அதற்கு எனக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன். அவர் விருப்பம்.

காலையில் அலமாரி ஓரம் காலியாக இருப்பதை அம்மா பார்த்துவிட்டாள். "அவ போயிட்டாளா?" என்று கேட்டாள். மகன்கிட்ட போயிட்டாங்கம்மா என்றேன். "சாப்ட்டுட்டுப் போனாளா?" என்றாள். நான் ஆமாம் என்றேன். மத்தியானம் சாப்பிட்டு முடித்த பிறகு கையைத் தூக்கவில்லை. நான்தான் பக்கத்து அறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பட்டாணியின் மெழுகுக் கட்டியைப் புதுக் கட்டடத்தில் என் கையாலேயே வைத்தேன். பெரிய டாக்டரின் சிவப்பு எழுத்து மங்கிவிட்டது. அதன் கீழே அதே வார்த்தையை என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

குழந்தை நல்லபடியாக வரட்டும். மூச்சு முட்ட அழட்டும், தூக்கம் கெடுக்கட்டும், உருண்டுகொண்டே இருக்கட்டும். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதை அத்தானே வைக்கட்டும். முடிவு வந்ததும் எனக்கு ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும். அதை அவர் எழுதினால், நான் அந்தத் தாளை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

டம்ளர் வந்து சேர்ந்ததும் சாதாரணத் தண்ணீரில் அலசினால் போதும், கடுகு. கொதிநீர் ஊற்றாதீர்கள். அதில் எப்போதும் ஒன்றும் இருந்ததில்லை.

உங்கள் மூன்று பேரையும் நினைத்துக்கொண்டே இருக்கும்
மிளகு